முள்ளந்தண்டு ஸ்டிமுலேட்டர்: கல்லடியில் இருந்து பாவிக்கிற ஒருத்தியின் விமர்சனம்

கல்முனை, அக்கரைப்பற்று, செங்கலடி என்று எங்கெங்கோ இருந்து யார் யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் எடுத்து "அந்த முதுகுக்குள்ள வைக்கிற மெசின் நல்லமா அக்கா?" என்று கேட்கிறார்கள். முள்ளந்தண்டுக்குள் வயர் வைத்துச் சின்னக் கரண்ட் கொடுத்து நோவை அடக்குகிற மெசினைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதை விட ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். என் கால் நோவை இது பாதிக்கு மேல் குறைத்தது. நாரி நோவைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மெசின் எவ்வளவு நல்லதோ, அதை வைத்த பிறகு செட்டிங் பார்த்துத் தருகிற ஆள் அதைவிட முக்கியம், மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்த ஆளைப் பிடிப்பதுதான் இதில் பெரிய கஷ்டம்.

நான் தையல் வேலை செய்கிறவள். நாரியில் டிஸ்க் விலகி இடது காலுக்குப் போகிற நரம்பை அமத்தி, ஒப்பரேசன் செய்து, அது சரிவராமல் திரும்பவும் செய்தார்கள். ஸ்கானில் நரம்பு இப்போது விடுபட்டுத்தான் இருக்கிறது, ஆனாலும் கெண்டைக்காலில் தொடங்கி குதி, சின்னவிரல் வரைக்கும் எரிவும் காந்தலும், இரவில் யாரோ ஊசியால் இழுப்பது மாதிரி ஒரு சுண்டலும் நிற்கவே இல்லை. இப்படி ஒப்பரேசனுக்குப் பிறகும் விடாமல் நிற்கிற நோவுக்கு வைத்தியத்தில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு இது பலருக்கும் இருக்கிற பிரச்சினை. பிரிகபலின், அமிட்ரிப்டிலின், ட்ரமடோல் என்று நோவுக்குத் தருகிற மருந்தெல்லாம் பார்த்தாயிற்று. பிரிகபலின் கூட்டினால் நோ கொஞ்சம் அடங்கும், ஆனால் பகலெல்லாம் தூக்கம், ஊசியில் நூல் கோர்க்க முடியாத மயக்கம். தோலில் ஸ்டிக்கர் ஒட்டிக் கரண்ட் கொடுக்கிற டென்ஸ் மெசினும் பிசியோவில் பாவித்தேன், போட்டிருக்கிற நேரம் சுகம், கழற்றினால் பழைய கதைதான்.

ஸ்டிமுலேட்டர் என்பது அதே யோசனையைத் தோலில் செய்யாமல் நேரே முண்ணாணுக்கு, அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற பெரிய நரம்புத் தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் செய்வது. காலை எங்காவது இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்க்கிறோம், தேய்த்தால் கொஞ்சம் அடங்குகிறது அல்லவா? தொடுகையைக் கொண்டுபோகிற பெரிய நரம்பு இழைகள் வேலை செய்தால், நோவைக் கொண்டுபோகிற சின்ன இழைகளின் செய்தியை முண்ணாணிலேயே ஒரு கதவு மறிக்கிறது என்று மெல்சாக், வோல் என்ற இரண்டு பேர் 1965இல் சொன்னார்கள். அதை நம்பி 1967இல் அமெரிக்காவில் நோர்மன் ஷீலி என்ற வைத்தியர் முதல் தடவையாக ஒரு நோயாளிக்கு மின்முனை வைத்தார். 1989இல் அங்கே மருந்துகளுக்கும் வைத்தியக் கருவிகளுக்கும் அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ. என்ற அரச நிறுவனத்தின் அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆகவே "இது புதுசா வந்தது, எங்களில் பரீட்சிக்கிறாங்கள்" என்று பயப்படுகிறவர்கள் அந்தப் பயத்தை விடலாம்.

உள்ளே போகிற சாமான் இரண்டு. ஒன்று மெல்லிய வயர், அதன் நுனியில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோக வளையங்கள், எனக்கு வைத்ததில் எட்டு. அது முண்ணாணைச் சுற்றிய உறைக்கு வெளியே, நெஞ்சு மட்டத்து எட்டாவது ஒன்பதாவது முள்ளெலும்புக்குக் கிட்ட நிற்கும். கால் நோவுக்கு ஏன் நெஞ்சு மட்டத்தில் வைக்கிறார்கள் என்றால் காலில் இருந்து வருகிற இழைகள் அந்த வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. மற்றது பற்றரிப் பெட்டி, இடுப்புக்குக் கீழே பிட்டத்தின் மேல்பக்கத்தில் தோலுக்கடியில் இருக்கிறது. கையில் ஒரு ரிமோட்.

இனி இது யாருக்கு உதவும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாரிப்பிடிப்பு உள்ள ஆட்களெல்லாம் கேட்கிறார்கள். சும்மா நாரிப்பிடிப்புக்கு, மூட்டு வாதத்துக்கு இது இல்லை. நரம்பு கெட்டுக் கால் கை எரிகிறவர்களுக்கானது. அதிலும் எல்லாருக்கும் பலன் வரும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். 2007இல் வந்த ஓர் ஆய்வில், முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகும் கால் நோவோடு இருந்த 100 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மெசின் வைத்தவர்களில் 48 வீதமானவர்களுக்கு 6 மாதத்தில் கால் நோ பாதியாவது குறைந்தது, மருந்தும் மற்ற வைத்தியமும் மட்டும் பார்த்தவர்களில் 9 வீதமானவர்களுக்குத்தான். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் அதில் யாருக்கு என்ன சிகிச்சை என்பது எல்லாருக்கும் தெரியும், மெசின் வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையே பாதி வேலையைச் செய்திருக்கலாம். 2022இல் நோர்வேயில் 50 பேருக்கு ஆளுக்குத் தெரியாமல் மெசினை ஓன் செய்தும் ஓஃப் செய்தும் பார்த்தபோது இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 2023இல் வைத்திய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற கொக்ரேன் குழு நாரி வலியைப் பற்றிய 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, 6 மாத அளவில் போலிச் சிகிச்சையை விட இது மேல் என்று சொல்ல முடியாது என்றே எழுதியது.

இதெல்லாம் வாசித்த பிறகும் ஏன் வைத்தாய் என்று கேட்பீர்கள். ட்ரயலில் என் கால் சொன்ன பதில்தான் காரணம்.

ட்ரயல் என்பது நிரந்தரமாக வைக்குமுன் வயரை மட்டும் உள்ளே விட்டு, பற்றரியை வெளியே இடுப்பில் ஒட்டி, சில நாள் பாவித்துப் பார்ப்பது. மூன்று நாளில் இருந்து ஏழு நாள் வரை வழக்கம், கொஞ்சம் கூடவும் விடுவார்கள். நோ பாதிக்குக் குறையாமல் குறைந்தால்தான் அடுத்த கட்டம். எஃப்.டி.ஏ.யும் 2020இல் வைத்தியர்களுக்கு எழுதிய கடிதத்தில் ட்ரயல் செய்துவிட்டே வைக்கும்படி சொல்லியிருக்கிறது. ட்ரயல் தேவையில்லை, நேரே வைத்துவிடலாம், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

எனக்குச் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள், நித்திரை எப்படி, மனம் எப்படி, என்ன எதிர்பார்க்கிறாய் என்றெல்லாம் கேட்டார், கூட வந்த என் வீட்டுக்காரருக்கு அது கொஞ்சம் கோபம், "நோவுக்குத்தானே வந்தோம், பைத்தியத்துக்கா?" என்றார். ஆனால் அது எல்லா இடத்திலும் வழக்கம், எனக்கு அது நல்லதாகவே பட்டது, நாலு வருஷ நோவைப் பற்றி அவ்வளவு பொறுமையாகக் கேட்ட முதல் ஆள் அந்த வைத்தியர்தான்.

குப்புறப் படுக்கவைத்து, விறைக்க ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நாரிக்கு மேலே ஊசி வழியாக வயரை ஏற்றுகிறார்கள். முழு மயக்கம் தருவதில்லை, ஏனென்றால் நாம் கதைக்க வேண்டும். கரண்டைக் கொடுத்துவிட்டு "எங்கம்மா ஊருது?" என்று கேட்பார்கள். முதலில் இடுப்பு எலும்பில் ஊர்ந்தது, அப்புறம் இரண்டு தொடையிலும், வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த நகர்த்த அந்த ஊர்வு இடது காலால் இறங்கிக் கெண்டைக்காலுக்கு வந்து, குதியைத் தாண்டிச் சின்னவிரலில் போய் நின்றது. எரிவு இருந்த அதே இடம், அதே கோடு. அந்த எரிவுக்கு மேலே ஒரு மெல்லிய அதிர்வை யாரோ விரித்துவிட்டார்கள். படுத்த மேசையிலேயே அழுதுவிட்டேன். இதை வாசிக்கிறவர்களில் இந்த எரிவோடு இருக்கிறவர்களுக்கு அது ஏன் என்று விளங்கும்.

லொட்ஜுக்கு வந்த பிறகு வீட்டுக்காரர் ஒரு கொப்பியில் எல்லாம் எழுதினார். காலையில் நோ எத்தனை, இரவில் எத்தனை, எவ்வளவு தூரம் நடந்தேன், இரவில் எத்தனை தரம் எழும்பினேன். ட்ரயலுக்குப் போகிற எல்லாருக்கும் நான் சொல்வது, நோவின் நம்பரை மட்டும் எழுதாமல் செய்கிற வேலையை எழுதுங்கள். நம்பர் மனதைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆனால் நான் ஒரு கடைத்தெரு முழுக்க நடந்து, நின்று, துணி பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன், பத்து நிமிஷம் நிற்க முடியாமல் இருந்தவள். பெட்டியை ஓஃப் பண்ணியும் பார்த்தோம், கொஞ்ச நேரத்தில் எரிவு பழையபடி வந்தது, ஓன் பண்ணினால் அடங்கியது. என்னுடைய முறையில் ஊர்வு தெரியும் என்பதால் எனக்குத் தெரியாமல் அணைக்க வழியில்லை, அதனால் இது விஞ்ஞான ஆதாரம் ஆகாது, அது விளங்குகிறது. அந்தக் கொப்பியும் என் நடையும் எனக்குப் போதுமாக இருந்தன. ஊர்வே தெரியாத முறைகளும் இருக்கின்றன, செக்கனுக்கு 10,000 தடவை துடிக்கிற வகை ஒன்று, என்னுடையது போலச் செக்கனுக்கு 40, 60 என்று துடிப்பதுதான் பழைய வகை. சிலருக்கு அந்த ஊர்வே பிடிப்பதில்லை, அவர்கள் மற்றதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வைத்தியர் சொன்ன ஒரு வசனத்தையும் எழுத வேண்டும். "நோ பூஜ்ஜியம் ஆகாதும்மா. பாதி குறைஞ்சா நாங்க அதை வெற்றின்னு சொல்வோம். பாதி போதும்னா வைங்க." இப்படி நேராகச் சொல்கிற வைத்தியர் கிடைத்தால் அவரிடமே செய்யுங்கள்.

நிரந்தரமாக வைத்த ஒப்பரேசனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு வெட்டு, சில நாளில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு வருகிற ஆறு எட்டு வாரம்தான் சோதனை. வயர் உள்ளே தசையோடு பிடித்து உறையும் வரைக்கும் குனியக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேலே உயர்த்தக் கூடாது. எங்கள் ஊர் வீட்டில் இது என்னவென்று நினைத்துப் பாருங்கள். வாசல் கூட்ட முடியாது. கிணற்றில் அள்ள முடியாது. திருவலையில் இருந்து தேங்காய் திருவ முடியாது. உடுப்புக் காயப்போடக் கொடிக்குக் கை உயர்த்த முடியாது. அம்மா மண்டூரில் இருந்து வந்து நின்றா, நான் ஒரு வேலைக்குக் கிட்டப் போனாலே "இரி புள்ள, நான் செய்யிறன்" என்று ஒரே சத்தம். வீட்டில் இப்படி ஒரு ஆள் இல்லாமல் இதை வைக்க நினைக்காதீர்கள்.

இப்போது அன்றாடம் எப்படி என்றால்: காலையில் எழும்பும்போது ஓன் பண்ணுவேன், மோட்டர் மெசினில் தைக்கும்போதும் ஸ்கூட்டி ஓடும்போதும் அணைத்துவிடுவேன். உடம்பைத் திருப்பும்போது கரண்ட் திடீரென்று கூடிக் கால் துள்ளலாம், வாகனம் ஓடும்போது அணைக்கும்படி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுகம் நிற்கிறது, ஒரு ஜக்கெட் தைக்க அது போதும். வெட்டுகிற நேரம், ஹெம்மிங் செய்கிற நேரம் எல்லாம் ஓனில்தான். இரவில் மல்லாந்து படுத்தால் ஊர்வு கூடும், எழும்பி நின்றால் குறையும். முண்ணாண் படுக்கும்போது வயருக்குக் கிட்ட வருவதுதான் காரணமாம், பயப்பட ஒன்றுமில்லை, படுக்கைக்கென்று தனி செட்டிங் போட்டுத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் போடுவதில்லை.

சார்ஜ் பண்ணுவதுதான் எங்கள் வெயிலில் கொஞ்சம் வில்லங்கம். தட்டு மாதிரி ஒரு சார்ஜரைத் தோலுக்கு மேலே, பெட்டிக்கு நேராக வைத்துப் பட்டியால் கட்ட வேண்டும். சித்திரை வைகாசி வேர்வையில் பட்டி வழுக்கி நேர் தப்பும், தப்பினால் சார்ஜர் பீப் அடிக்கும், தட்டும் சூடாகும். மெல்லிய பருத்தித் துணியில் பட்டிக்கு ஒரு பொக்கட் தைத்துப் போட்டேன், அப்புறம் வழுக்கவில்லை. தோலில் நேரே படாமல் இருப்பதால் அந்தச் சூடும் தெரிவதில்லை. கரண்ட் கட் வருகிற ஊர் என்பதால் சார்ஜரை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கிறேன்.

சரி, மனதில் கிடக்கிற குறைக்கு வருகிறேன். ஊருக்கு வந்து கொஞ்ச காலத்தில் ஒரு நாள் காலில் இருந்த ஊர்வு காணாமல் போய், விலா எலும்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற மாதிரி வரத் தொடங்கியது. ரிமோட்டில் கூட்டினால் விலா துடித்தது, கால் பழையபடி எரிந்தது. உள்ளே வயர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இது நடக்கக்கூடியது, இந்த வைத்தியத்தில் அதிகம் வருகிற பிரச்சினைகளில் இதுவும் ஒன்று என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் விற்கும்போது "மேடம், ஒரு வட்ஸ்அப் போடுங்க, உடனே பார்ப்போம்" என்ற கம்பனி ஆள், நான் போட்ட மெசேஜுக்கு நாட்கணக்கில் பதில் தரவில்லை. பிறகு வந்த பதில் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் கம்பனியில் கேளுங்கள். அவர்களுடைய கருவியைத் தொட்டு செட்டிங் மாற்றக்கூடிய ஆள் எனக்கு இங்கே கிட்டடியில் இல்லை. அந்த எட்டு வளையத்தில் எது எதை ஓன் செய்வது என்பதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும், அந்த வேலைக்கு நான் எரிகிற காலோடு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் ஏறிக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. டவுனில் எக்ஸ்ரே எடுத்து அனுப்பினேன், அதைப் பார்த்துவிட்டு அங்கே அரை மணித்தியாலத்தில் வேறு வளையங்களுக்கு மாற்றிவிட்டார்கள், கால் திரும்பக் கிடைத்தது. நல்ல காலம், திரும்ப வெட்டவில்லை. சிலருக்கு வெட்டி வயரைத் திருத்த வேண்டிவரும்.

எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள், எழுத மாட்டேன். மெட்ட்ரோனிக், பொஸ்டன் சயன்டிபிக், அபொட் என்று உலகத்தில் பெரிய கம்பனிகள் சில இருக்கின்றன, எதை எடுத்தாலும் காசு கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றே: எனக்குச் செட்டிங் மாறினால் யார், எந்த ஊரில், எத்தனை நாளுக்குள் பார்ப்பார்? இலங்கையில் ஆள் உண்டா? தூரத்தில் இருந்து இணையம் வழியாகச் செட்டிங் மாற்றுகிற வசதி இந்த மாடலில் உண்டா, அது இலங்கையில் வேலை செய்யுமா? சில புது மாடல்களில் அந்த வசதி இருக்கிறது, எங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு மற்ற எல்லா அம்சத்தையும் விட அதுதான் பெரிது. பதிலை எழுத்தில் வாங்குங்கள், வாயால் சொன்னது கடல் தாண்டாது.

உடம்புக்குள் மெசின் இருக்கிறது என்று காட்டுகிற அடையாள அட்டையை எப்போதும் பர்ஸில் வைத்திருங்கள். விமான நிலையத்தில் அதைக் காட்டினால் கையால் சோதித்து விடுவார்கள், வாசல் மெசினைக் கடக்குமுன் அணைத்துவிடுவது நல்லது. அதைவிட முக்கியமானது பிசியோ. தோள்மூட்டுக்கு ஒரு இடத்தில் டயதெர்மி என்கிற சூட்டு மெசினைத் தயார்படுத்திவிட்டார்கள், அட்டையைக் காட்டியதும் உடனே நிறுத்தினார்கள், அந்தப் பிள்ளைக்கு நன்றி. டயதெர்மியின் சக்தி வயர் வழியாகப் போய் முண்ணாணுக்குப் பக்கத்தில் சதையைச் சுட்டுவிடும், உயிராபத்து. மெசின் ஓஃபில் இருந்தாலும் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பது மாடலையும் வயரையும் பொறுத்தது, சிலதில் தலை மட்டும், சிலதில் முழு உடம்பும், ஆகவே மாடல் நம்பரை முன்கூட்டியே ஸ்கான் எடுக்கிற இடத்துக்குக் கொடுக்க வேண்டும்.

விலையை எழுதவில்லை, மாடலுக்கு மாடலும் டொலருக்கு டொலரும் மாறுகிறது, இந்தியக் காசிலேயே பல லட்சம் என்று மட்டும் சொல்லலாம். ட்ரயலுக்கு எவ்வளவு, மெசினுக்கு எவ்வளவு, பிறகு வருகிற செட்டிங் விசிட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சார்ஜ் பண்ணாத பற்றரி விலை குறைவு, ஆனால் பாவனையைப் பொறுத்து இரண்டிலிருந்து ஐந்து வருஷத்தில் திரும்ப வெட்டி மாற்ற வேண்டும். சார்ஜ் பண்ணுகிறது பத்து வருஷத்துக்குக் கிட்டவோ மேலேயோ போகும். என் வயதுக்கு இரண்டாவதுதான் சரி. சார்ஜர் கட்டிக்கொண்டு இருக்க முடியாத, ஞாபகம் தவறுகிற வயசான அப்பா அம்மாவுக்கென்றால் முதலாவதை யோசிக்கலாம்.

பிரிகபலின் இப்போது இரவில் மட்டும், பழைய அளவில் பாதி. நாரிக்கு ஒத்தடமும் பயிற்சியும்தான், குனிந்து நீண்ட நேரம் வெட்டினால் இன்னும் பிடிக்கிறது.

முதலில் சென்னைக்கு ஓடாதீர்கள், உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு கொழும்பில் ஒரு வலிச் சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். பழைய ஒப்பரேசன் குறிப்பு, ஸ்கான் படங்கள், குடிக்கிற மருந்துப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டே போங்கள், வெட்டின இடத்தில் கிருமி பிடித்தால் முழு மெசினையும் கழற்ற வேண்டிவரும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோகிரல், வார்பரின் மாதிரி ஏதாவது குடிக்கிறவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தவும் கூடாது.